இடது காதில் வீணை

எங்கள் கம்பெனி வேனில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் சிவப்பு விளக்கைச் சட்டை செய்யாத எங்கள் டிரைவர்கூட அதை மீறியதில்லை. சத்துவாச்சாரியில் புறப்பட்டு ஆம்பூரில் ஷூ கம்பெனி வாசலில் நிற்கும்வரை வேனில் பாட்டு ஓடும். கிழமைக்கு ஒருவர் போனிலிருந்து. பாட்டு பிடிக்காதவர்கள் "மாத்து" என்று சொல்லலாம். ஒருவர் சொன்னால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். இரண்டு பேர் சொன்னால் சிரித்துச் சமாளிக்கலாம். மூன்றாவது 'மாத்து' விழுந்தால் பாட்டை நிறுத்தியே ஆகவேண்டும். அதன் பிறகு அந்த ஆள் கேன்டீன் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சொன்னால்கூட, "உன் டேஸ்ட்டுதான் ஊருக்கே தெரியுமே" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை என் முறை. நான் ஒரு 'மாத்து'கூட வாங்கியதில்லை. "பாட்டுன்னா அண்ணன் பாட்டுதான்" என்று பின்சீட்டுப் பையன்களே சொல்வார்கள். இதற்குக் காரணம் என் ரசனை என்று வேன் நம்பியது. உண்மையான காரணம் பயம். முன்சீட்டில் தையல் செக்‌ஷன் அக்காக்களுக்கு அம்மா பாட்டு ஒன்று வைத்தால் போதும், கர்ச்சீப்பை எடுத்துவிடுவார்கள். பின்சீட்டுப் பையன்களுக்குக் குத்து. நடுவில் உட்காரும் அக்கவுண்ட்ஸ்காரருக்கு அவர் காலேஜில் யாரையோ நினைத்துக் கேட்ட மெலடி. பள்ளிகொண்டா டோல்கேட் நெருங்கும்போது பையன்கள் தூங்கிவிடுவார்கள், அப்போது மெலடி. மாதனூர் தாண்டி எழுந்துகொள்வார்கள், அப்போது குத்து. ஒரு கல்யாண வீட்டுச் சமையல்காரன் பந்தியைப் பார்த்துப் பரிமாறுவதுபோல நான் பாட்டு போட்டேன். சமைத்தவன் என்ன சாப்பிட்டான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம்.

எல்லோரையும்விட நான் பயந்தது பாய்க்கு. தோல் செலக்‌ஷனில் இருக்கிறவர், என் வயசு, கிரீன் சர்க்கிளில் ஏறி என் பக்கத்தில் உட்காருவார். தோலின் மேல் கட்டைவிரலை ஓட்டி, இது முதல் தரம், இது செகண்ட்ஸ் என்கிற இரண்டாம் தரம், இது கழிவு என்று தள்ளுவது அவர் வேலை. அதே கட்டைவிரலைப் பாட்டின் மேலும் ஓட்டுவார். "இது செகண்ட்ஸ் மால், தோஸ்த்" என்று அவர் சொல்லிவிட்டால் பாட்டு போட்டவன் அன்றைக்கு எழுந்திருக்க மாட்டான்.

என் சொந்த ரசனை எனக்குத் தெரியவந்த கதையைச் சொன்னால் நீங்களே ஒரு 'மாத்து' போடுவீர்கள். கம்பெனியில் புதிதாகப் பசை தடவும் மெஷின் வாங்குவதாக இருந்தார்கள். விற்கிறவர்கள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். மெஷின் தன்பாட்டுக்கு ஷூவின் அடிப்பாகத்தில் பசை தடவிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கோ கனமாக ஒரு தந்தி அதிர்ந்தது. அடுத்த அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. முதல் அதிர்வு கரைந்து, இனி இல்லை என்று நான் முடிவு கட்டிய பிறகுதான் அடுத்தது வந்தது. தாளம் இல்லை, குரல் இல்லை, வார்த்தை இல்லை. எனக்கு மூச்சு மெதுவானது. வீடியோவை மறுபடியும் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். பின்னால் வந்து நின்ற மேனேஜர், மெஷின் மேல் இவ்வளவு ஆர்வமுள்ள ஆளை இந்தக் கம்பெனியிலேயே பார்த்ததில்லை என்று நெகிழ்ந்து, அதை என் பொறுப்பில் விட்டுவிட்டார். இன்றுவரை அதைக் கட்டி மேய்க்கிறேன். இசைக்காக எவ்வளவோ பேர் எதையெதையோ இழந்திருக்கிறார்கள். நான் சட்டைகளை இழந்தேன். பசை போகவே போகாது.

வீடியோவின் கடைசியில் பொடி எழுத்தில் ருத்ர வீணை என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தேன். வடக்கத்தி வாத்தியம். நீளமான தண்டுக்கு இரண்டு பக்கமும் பூசணிக்காய் பருமனில் சுரைக்குடுக்கை. வாசிக்கிறவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், வீட்டுக்குப் போகிற வேன் எதையும் பிடிக்க வேண்டியதில்லாத மனிதரைப் போல உட்கார்ந்திருந்தார்.

இதை வேனில் போட முடியுமா? போட்டால் மூன்று 'மாத்து' ஒரே குரலில் விழும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வேனில் நான் உட்காருவது இடது பக்க ஜன்னலோரம். இடது காதில் ஒரு இயர்போன், அது ஜன்னல் பக்கமாக மறைந்துவிடும். வலது காது வேனுக்கு, இடது காது எனக்கு. வேன் இரைச்சலில் வீணை அமுங்கிப்போகும் என்பதால் சத்தத்தை முழுசாக வைத்திருந்தேன். வலது காதில் குத்துப் பாட்டு அடிக்கும்போது அதற்கேற்ப தலையை ஆட்டுவேன், இல்லையென்றால் பாயின் கண் என் மேல் விழும். இடது காதில் வீணை ஒரே இடத்தில் நிற்கும். இப்படியே வருஷக்கணக்கில் போனது. கழுத்துக்கு மேலே நான் இரண்டு ஆளாக இருந்தேன். மாட்டிக்கொண்டால் சொல்வதற்குக் காரணங்களும் தயாராக வைத்திருந்தேன். மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் என்பது ஒன்று. பிரஷர் குறைய டாக்டர் கேட்கச் சொன்னார் என்பது இன்னொன்று. சின்ன வயசில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பக்கத்தில் குடியிருந்தோம், அங்கே சுற்றும் டிரம்மின் சத்தம் மாதிரி இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றாவதைச் சொன்னால் கேட்கிறவர்கள் கண்கலங்கக்கூடும் என்று நம்பினேன். அது முழுப் பொய். எனக்குக் காரணமே தெரியாது. பிடித்திருந்தது.

ஒருநாள் இறங்கும்போது இயர்போனைக் கழற்றிய பிறகும் வீணை நிற்கவில்லை. வீணைக்கு அடியில் விடாமல் ஓடும் ஒற்றைச் சுருதி மட்டும் இடது காதுக்குள் தொடர்ந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. இசை என்னை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டது, நான் உண்மையிலேயே பெரிய ரசிகன்தான் என்று பெருமையோடு பசை மெஷினுக்குப் போனேன். சாயங்காலமும் சுருதி இருந்தது. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதும் இருந்தது. அந்த வாரக் கடைசியில் பெருமை போய்ச் சந்தேகம் வந்தது.

பிறகு இயர்போனில் சத்தம் குறைந்தது. புதுசு வாங்கினேன். அதிலும் குறைந்தது. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு கடைக்காரத் தம்பியிடம் சண்டைக்குப் போனேன். அவன் என் போனோடு சேர்த்து வாங்கி, இடது பக்கத்தைத் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"லெஃப்ட் நல்லாத்தான் கீதுண்ணே. பாட்டுதான் ஏதோ ஸ்டக் ஆயிட்டாப்ல கீது."

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வீட்டில் படுத்து வலது காதைத் தலையணையில் புதைத்துப் பார்த்தேன். டிவி நின்றது. மிக்ஸி நின்றது. தெருவில் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர் நின்றது. இடது காதுக்குள் அந்தச் சுருதி மட்டும் ஙொய் என்று இருந்தது. தலையைத் தூக்கினேன், வீடு திரும்பி வந்தது. மறுபடி புதைத்தேன், வீடு போய்விட்டது. சுவிட்சோடு விளையாடும் குழந்தை மாதிரி கொஞ்ச நேரம் செய்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

டாக்டரிடம் உடனே போயிருக்கலாம். ஆனால் எப்போது தெரிந்தது என்று கேட்பார். இயர்போனில் என்பேன். இயர்போனில் என்ன கேட்பீர்கள் என்பார். மனைவி பக்கத்தில் இருப்பாள். இப்படியாக, ஒரு கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு காதைப் பல மாதம் சும்மா போகவிட்ட புத்திசாலி இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் சர்வீஸ் ரோட்டில் பைக்கில் போகும்போது இடது பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நான் கால் வைக்கும் இடத்தை உரசிக்கொண்டு போனது. பின்னால் மனைவி. வலது பக்கம் ஹைவே லாரி இரைச்சலில் ஆட்டோ அடித்த ஹாரனும் எனக்குக் கேட்கவில்லை, அவள் போட்ட சத்தமும் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லித் தோளில் தட்டினாள். இறங்கினாள். என்னை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு இடது பக்கமாக வந்து நின்று ஏதோ பேசினாள்.

"நான் இப்ப இன்னா சொன்னேன்?" என்று முன்னால் வந்து கேட்டாள்.

"சரிம்மா" என்றேன். கல்யாணமான நாளாக எந்தக் கேள்விக்கும் பொருந்திய பதில்.

"உங்களுக்குக் காது கேக்கலன்னு சொன்னேன். அதுக்குப் போய் சரின்றீங்க."

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுப் பயமும் வந்தது.

காது டாக்டர் முதலில் ஒரு சோதனைக்கு அனுப்பினார். பஞ்சு வைத்த சின்ன அறை. ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். வலது காதுக்கு ஒழுங்காக அமுக்கினேன். இடது காதுக்கு வந்தபோது ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எனக்காகக் காத்திருந்தாள். பாவமாக இருந்தது. அவள் விரல் அசைகிறபோது அமுக்கினேன். அசைந்தது, அமுக்கினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுந்து உள்ளே வந்து, என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் பட்டன் மேல் இருந்தது. நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

இடது காதில் கேட்பது பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு காது மட்டும் இப்படிப் போனால் காது நரம்பில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், தலைக்கு ஸ்கேன் எடுங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். கட்டி என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை, அதற்குக் காது காரணமில்லை.

ஸ்கேன் அன்று மகளுக்குப் பரீட்சை. மனைவியால் வர முடியவில்லை. பாய் லீவு போட்டுவிட்டு வந்தார். வரவேண்டாம் என்று நான் சொன்னேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோதிரம், பெல்ட், சாவி எல்லாவற்றையும் அவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். படுக்கவைத்து, தலையை ஒரு கூண்டுக்குள் பூட்டினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து, பயமாக இருந்தால் அமுக்க. அப்போதே அமுக்கியிருப்பேன், வெட்கமாக இருந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் சின்ன வயசு. என் காதில் ஹெட்போனை மாட்டும் முன் குனிந்து கேட்டாள்.

"மிசின் சவுண்டு ஜாஸ்தி வரும் சார். பாட்டு போட்டு வுடுறேன். உங்களுக்கு இன்னா பாட்டு பிடிக்கும்?"

இதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி. கேட்ட இடம் இது. கதவு திறந்திருந்தது, கதவோரம் பாய் நின்றிருந்தார். என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: "ஏதாவது குத்துப் பாட்டு போடுங்க மேடம்." தலைக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்கப் படுத்திருக்கிறவன், படம் எடுக்கிற பெண்ணுக்கு போரடிக்கக் கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறான்.

குழாய்க்குள் தள்ளினார்கள். மூக்குக்கு நேரே கூரை. மெஷின் டக டக டக என்று அடித்தது. வலது காதில் பாட்டு வேறு ஒரு டக டக டக. எங்கள் வேன் மொத்தமும் அந்தக் குழாய்க்குள் ஏறிக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சு முட்டியது. திடீரென்று பாட்டு நின்று அவள் குரல் வந்தது.

"சார், தலைய ஆட்டாதீங்க."

"ஆட்டலியே மேடம்."

"ஆடுது சார். படம் பேய் மாதிரி வருது."

அப்போதுதான் புரிந்தது. குத்துப் பாட்டு வந்தால் ரசிப்பதாகக் காட்டத் தலையை ஆட்டும் பழக்கம், பார்க்க ஒருவரும் இல்லாத குழாயிலும் என்னை விடவில்லை. ஆட்டக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். மறுபடியும் ஆடியிருக்கிறது. மூன்றாவது முறை அவள் என்னை வெளியே இழுத்துவிட்டாள். இப்படியே போனால் மயக்க மருந்து கொடுத்து எடுக்கவேண்டியிருக்கும், அதற்கு வேறு நாள் வரவேண்டும் என்றாள். வேறு நாள் என்றால், கட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இன்னும் எத்தனையோ நாள்.

"பாட்டே இல்லாம எடுத்துடட்டுமா சார்?"

"வேணாம் மேடம். ருத்ர வீணைன்னு தேடுங்க. எது வந்தாலும் போடுங்க."

பாய் இன்னும் கதவோரம்தான் நின்றிருந்தார். கூண்டுக்குள் இருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் தேடினாள், போட்டாள், கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "இதுல பாட்டு எப்ப சார் வரும்?"

"வராது மேடம். அவ்ளோதான்."

மறுபடி குழாய். மெஷின் அடித்தது. பயம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் மெஷின் ஓய்கிற இடைவெளிகளில் தந்தி ஒன்று அதிர்ந்து, மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது. வலது காதில் மட்டும். இடது பக்கம் வெறும் ஙொய். இந்த வலதும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். இத்தனை வருஷம் நல்ல காது இருந்தபோது அதை வேனுக்குக் கொடுத்துவிட்டேன், எனக்குப் பிடித்ததைத் திருடன் மாதிரி கேட்டேன். தந்தி அதிர்ந்தது. அது முழுசாக அடங்கும்வரை அசையாமல் கிடந்தேன். அசையக் கூடாது என்று நினைத்துச் செய்யவில்லை, அசையவே தோன்றவில்லை.

வெளியே வந்ததும் பாய் மோதிரத்தையும் சாவியையும் கொடுத்தார். ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சர்வர் வந்து, தலைக்கறி இருக்கு, மூளை வறுவல் இருக்கு என்று ஆரம்பிக்க, பாய் பாதியிலேயே வெட்டி, "அதெல்லாம் ஒண்ணும் வாணாம், பிரியாணி கொண்டா" என்றார். பிறகு மேல்விஷாரத்தில் யாரோ வீடு கட்டுவதைப் பற்றி, வெயிலைப் பற்றி, தோல் விலையைப் பற்றியெல்லாம் பேசினார். ஸ்கேன் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் எதைத் தவிர்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையாவது பார்த்து அவரிடம் சொல்லியிருப்பாளா? இல்லை, என் வீணையைக் கேட்டுவிட்டு, செகண்ட்ஸ் மால் என்று சாகப்போகிறவனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறாரா? இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று கேட்காதீர்கள். பதில் எனக்குக் கௌரவமாக இருக்காது.

ரிப்போர்ட் வாங்க மனைவியும் வந்தாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை என்றார். மனைவி என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் அழுந்தியது. சிரிக்க ஆரம்பித்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. இடது காது நரம்பு பலவீனமாகிவிட்டது, எதனால் என்று ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது, போனது திரும்பாது. வலது காதிலும் கீச்சென்ற உச்சஸ்தாயிச் சத்தங்கள் லேசாகக் குறைய ஆரம்பித்திருக்கின்றன. மெஷின் பக்கம் காதை மூடிக்கொள்ளவேண்டும். இயர்போன் இனி கிடையவே கிடையாது. பாட்டு கேட்கவேண்டும் என்றால் வெளியே, மெதுவான சத்தத்தில். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை.

வெளியே, மெதுவான சத்தத்தில். அதாவது மற்றவர்கள் காதிலும் விழும்படி. கேட்காமலே இருந்துவிடலாம், அது சுலபம். ஆனால் வலது காதுக்கு எவ்வளவு காலம் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. லீவு போடலாமா என்று பார்த்தேன். ஏறினேன். வழக்கம்போல அம்மா பாட்டு, வழக்கம்போல குத்து. போன் வியர்வையில் வழுக்கியது. டோல்கேட் தாண்டி, பையன்கள் தூங்கி, மெலடி வரவேண்டிய இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

வேன் ஸ்பீக்கரில் முதல் தந்தி கனமாக அதிர்ந்தது. கரைந்தது. இரண்டாவது அதிர்ந்தது. முன்சீட்டு அக்கா மெதுவாகத் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"யாரு போய்ட்டாங்க?"

இதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய தலைவர் யாராவது இறந்தால் டிவியில் வார்த்தை இல்லாமல் இப்படித்தானே வாசிப்பார்கள். அக்கவுண்ட்ஸ்காரர் அவசரமாகப் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து விஷயத்தைக் கேட்டு, "அப்ப இன்னிக்கி லீவா?" என்றான். பின்சீட்டில் ஒரு சந்தோஷம் பரவியது, சாவு வீட்டுக்குத் தகுந்த மாதிரி அடக்கமாக. யாராக இருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். டிரைவருக்கு வேறு பயம். எப்போதோ இப்படி ஒரு நாளில் கல் விழுந்து முன்கண்ணாடி போயிருக்கிறது. அவர் வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, நிறுத்தியே விட்டார். திரும்பிப் போய்விடலாமா, ஆம்பூருக்குள் இந்நேரம் கடையெல்லாம் மூடியிருப்பார்களே என்று வேனைப் பார்த்துக் கேட்டார். தான் ஒரு தலைவரைக் கொன்றுவிட்டது தெரியாமல் வீணை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மகளின் ப்ராஜெக்ட், பிரஷர், டிரம் மூன்றும் என் நாக்கு வரை வந்தன.

"யாரும் சாவலக்கா" என்றேன். "இது பாட்டுதான். எனக்குப் பிடிச்ச பாட்டு."

வேனே என்னைப் பார்த்தது. "இதுவா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. இதுதான்."

பின்சீட்டுக்காரனுக்கு லீவு போன துக்கம் தாங்கவில்லை. "ஆச காட்டி கழுத்தறுத்துட்டியேண்ணே. மாத்து" என்றான். அது என் வாழ்க்கையின் முதல் 'மாத்து'. இரண்டாவது அக்கவுண்ட்ஸ்காரரிடமிருந்து வந்தது. எத்தனை செவ்வாய்க்கிழமை அவருக்காக மெலடி தேடியிருப்பேன். பிறகு எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். பாய் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"நான் தூங்கிட்டேன்."

"தூங்குறவரு எப்டி பாய் பேசுறாரு?" என்றார் அக்கா.

"தூக்கத்துல பேசுறேன். பேஜார் பண்ணாத, வண்டிய எடுக்கச் சொல்லு."

வண்டி புறப்பட்டது. கொஞ்ச தூரம் போனதும் மூன்றாவது 'மாத்து' டிரைவரிடமிருந்தே வந்தது, பயந்ததற்குப் பழி வாங்க. ஆனால் டிரைவருக்கு ஓட்டு உண்டா என்று ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் முதல் உரிமை என்று ஒரு கட்சி, சீட்டில் உட்கார்ந்து வருகிறவருக்கு மட்டும்தான் என்று இன்னொரு கட்சி. அவரும் சீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறார் என்று அக்கா கேட்டதும் விவகாரம் முற்றியது. கம்பெனி வாசல் வரை முடிவாகவில்லை. அதுவரை வீணை ஓடியது. ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். இரண்டு தந்திக்கு நடுவில் அடுத்து யார் என்ன சொல்வார்களோ என்று நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் தலை ஆடவில்லை.

இறங்கும்போது பாய் என் வலது பக்கமாக வந்தார்.

"எங்க வூட்டு பழைய ஃபிரிட்ஜும் இப்டித்தான் தோஸ்த் பாடும்" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, "ஆனா அன்னிக்கி அந்தப் பொண்ணு சொல்லுச்சு, இது போட்டப்புறம்தான் நீ கல்லு மாதிரி படுத்துனு இருந்தியாம். நல்லதோ கெட்டதோ, உனக்கு ஒட்டுது. வச்சுக்க."

"அன்னிக்கி ஓட்டல்ல ஏன் அதப் பத்தி ஒண்ணும் பேசல?"

"உனக்கு இன்னா ஆவுமோன்னு பயந்துனு இருந்தேன். பாட்டப் பத்தி எவன் நெனச்சான்?"

டிரைவருக்கு ஓட்டு உண்டு என்று அடுத்த வாரமே தீர்ப்பாகிவிட்டது. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வீணை மாதனூரைத் தாண்டினால் பெரிய விஷயம். கேன்டீன் சாம்பாரைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. பின்சீட்டில் எனக்கு 'துக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிவைத்தேன். முதல் நாள் மனைவி கேட்டுவிட்டு, சாவு வீடு மாதிரி இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள் என்றாள். இதற்காகவா காது கேட்காததைப் பல மாதம் மறைத்தீர்கள் என்று பிறகு கேட்டாள். ஸ்பீக்கரில் சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். சாப்பாட்டு மேஜையில் அவள் இப்போது எனக்கு வலது பக்கம் உட்காருகிறாள்.

போன வாரம் ஆறு மாதச் சோதனை. அதே பஞ்சு அறை, அதே பெண். என்னை ஞாபகம் வைத்திருந்தாள் போலிருக்கிறது, நான் உட்காரும் முன்பே நாற்காலி சுவர் பக்கம் திரும்பியிருந்தது. ஹெட்போனை மாட்டினாள். முதலில் வலது காது. கையில் பட்டன். உள்ளங்கை ஈரம்.

கேட்டது, அமுக்கினேன். கேட்டது, அமுக்கினேன். பிறகு நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. அவள் சத்தத்தை அனுப்பி எனக்குக் கேட்கவில்லையா, இல்லை இன்னும் அனுப்பவே இல்லையா என்று தெரியவில்லை. சும்மா ஒரு தரம் அமுக்கிவிடலாம் என்று விரல் துடித்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு, விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, காத்திருந்தேன்.